ரெண்டு கோடு

— ஒரு ஸ்க்ரூ மாட்டறதுக்கு ரெண்டு வாரமாடா? கண்ணாடிக் கடைக்காரன் இரும்பைத் தோண்டி எடுக்கறதுலேர்ந்து ஆரம்பிச்சானா?

— அதான் வந்துருச்சுல்லக்கா. மாட்டிப் பாரு. மூக்குல ஒழுங்கா உக்காருதா?

— உக்காருது, உக்காருது. அய்யோ, உனக்குக் காதோரம் நரை! ரெண்டு வாரமா உன்னைக் கலங்கலாத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அப்ப அழகா இருந்தே.

— கிண்டல் அப்புறம். மணி ஒண்ணரை ஆச்சு. நாலு மணிக்குக் கம்பெனி பதிவு. அதுக்குள்ள சின்னத்தை மையில முடிச்சுக் குடுத்துடு. போட்டோ எடுத்து அனுப்பணும்.

— விரல்ல என்ன பிளாஸ்திரி?

— ஆபீஸ் ஷட்டர்ல நசுங்கிடுச்சு. சின்னக் காயம்தான். பாத்துக்கலாம்.

— உன் கட்டைவிரலுக்கு மட்டும் ஏண்டா நேரமே சரியில்ல? சின்னதுல டிரங்குப் பெட்டி மூடியைப் போட்டு நான் நசுக்கினதும் அதேதானே? தெருவே கூடற மாதிரி கத்தினே.

— அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு. ஷீட்டைப் பாரு. ஒம்பதுல ஏழாவது கட்டம்.

— ஏழாவதா? ஏணியா? மத்த எட்டுக்கும் மண்டையை ஒடைச்சுக்கிட்டேன்டா. இது ஒரு கட்டம் காலியா நிக்குதேன்னு மார்க்கர் பேனாவுல கிறுக்கினது.

— அதுதான் எடுபட்டிருக்கு. ரெண்டு கால், நடுவுல ரெண்டு படி. பளிச்னு இருக்கு. முதலாளி பாத்த உடனே பேரும் வச்சுட்டாராம். ஏணி காயின்.

— பாத்துட்டுப் பேர் வச்சாரா? அப்ப பேரே இல்லாத காசுக்கா நான் ஒரு மாசமா சின்னம் வரைஞ்சேன்?

— இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கக்கா. முதல்ல படம், அப்புறம் பேரு.

— எல்லாருமா? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான் அப்படிப் பண்ணான். ஒரு குடை வரைஞ்சு குடுத்தேன், குடை காயின்னு பேர் வச்சான். ரெண்டே வருஷம். குடையை மடக்கிக்கிட்டு அவன் போயிட்டான், நனைஞ்சது ஊரு.

— ஆரம்பிச்சுட்டியா? அது வேற கம்பெனி, இது வேற கம்பெனி. போனுக்குள்ள ஓடற காசுன்னா எல்லாம் திருட்டுக் காசா? அந்தக் குடையை நீதான் வரைஞ்சேன்னு உன்னையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்?

— குடை கம்பெனிக்கு இயக்குநர்னு கையெழுத்து போட்டு மாட்டிக்கிட்டானே, அந்த டிரைவருக்குத் தெரியும். ஷீட்டை இங்கேர்ந்து எடுத்துக்கிட்டுப் போனதும் அவன், திருப்பிக் கொண்டு வந்ததும் அவன். ஜெயில்ல உக்காந்துக்கிட்டு இதுவரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கல. நல்ல மனுஷன். இல்லன்னா அவனுக்கு இருக்கற கவலையில என்னை மறந்துட்டான்.

— மறந்திருப்பான். பாத்துக்கலாம். கொஞ்சம் வேலையைப் பாருக்கா.

— வேலையைத்தான் பாக்கறேன். படி ரெண்டும் இவ்வளவு பட்டையா இருந்தா போன்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எள்ளு அளவுக்குச் சுருக்கினாலும் ஏணின்னு தெரியணும். எண்ணுக்குப் பக்கத்துல நிக்கும்போது எண்ணைவிட ஒசரமா இருக்கக்கூடாது. கையால எழுதறவன் பேனாவை நாலு தடவைக்கு மேல தூக்கக்கூடாது. இதெல்லாம் உங்க முதலாளிக்குத் தெரியுமா?

— அவருக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். பாத்தா ஜனங்களுக்கு நம்பிக்கை வரணும்.

— அதுக்கென்ன, ரெண்டு கோடு போட்டா வந்துடும். எந்தக் கிறுக்கலா வேணும்னாலும் இருக்கட்டும், குறுக்க ரெண்டு கோடு இழு, ஜனங்க அதைக் காசுன்னு நம்பிடுவாங்க. கோழிக் காலை வரைஞ்சு ரெண்டு கோடு போட்டாலும் காசுதான். அதாண்டா எனக்குப் பயமே. கத்தி அடிக்கறவனுக்குக் கத்தின்னு தெரியும். நான் செய்யறது என்னன்னு எனக்கே தெரியல.

— நீ சோப்பு டப்பாவுக்கு வரைஞ்சே, மருந்து அட்டைக்கு வரைஞ்சே, செருப்புக் கடைக்கு வரைஞ்சே. அது மாதிரி இது ஒண்ணு.

— சோப்பு டப்பாவை நம்பி எவனும் தூக்கு மாட்டிக்கலடா. நீ கெஞ்சினதால வரையறேன். அஞ்சு வருஷமா ஒரு வேலையில நிலைக்கல நீ. இதுல நிலைச்சுடுவேன்னு சொன்னே. ஆனா இயக்குநர்ங்கறியே, அதுதான் முள்ளு மாதிரி உறுத்துது.

— நம்ம வீட்டுப் பேரு இயக்குநர்ங்கற எடத்துல வரப்போகுதுக்கா. அதுக்குச் சந்தோஷப்படாம முள்ளுங்கற.

— அந்த டிரைவர் பொண்டாட்டியும் இப்படித்தான் சந்தோஷப்பட்டிருப்பா. எங்க வீட்டுக்காரர் கார் ஓட்டிக்கிட்டிருந்தாரு, இப்ப இயக்குநர்னு. உனக்கு அங்க சேந்து மூணு மாசம். மூணு மாசத்துல ஒருத்தனை இயக்குநர் ஆக்கறவன் தியாகியா இருக்கணும், இல்லன்னா திருடனா இருக்கணும். எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்து போடப் போறே?

— நீ படிச்சுப் பாத்துட்டா போட்டே?

— எதை?

— போன வாரம் போட்டியே, படத்தோட உரிமையைக் கம்பெனிக்கு எழுதித் தர்ற பேப்பர்.

— அது வேற, இது வேற. கண்ணாடி இல்லாதப்ப கொண்டு வந்து நீட்டினே, நீ விரலை வச்ச எடத்துலெல்லாம் போட்டேன். பதினாலு எடம்! ஒரு ஏணிக்குப் பதினாலு கையெழுத்து. படிக்கு ஏழு. அதோட காப்பி எங்கடா?

— வரும். ஆபீஸ்ல இருக்கு. யாரோ படியேறி வர்ற மாதிரி இருக்கு.

— ஏம்மா, உள்ள வரலாமா? கண்ணாடி வந்துருச்சுன்னு உன் தம்பி கீழ சொன்னாரு. கேட்டதும் ஓடி வந்தேன்.

— வாங்க தையல்காரம்மா. உங்க மிஷின் சத்தம் நின்னதும் கரண்ட்தான் போயிருச்சோன்னு பாத்தேன்.

— கரண்ட் இருக்கு, பெல்ட்டு அறுந்துடுச்சு. ஆள் வந்து மாட்டணும். மிஷின் ஓடலன்னா வீடே செத்த மாதிரி இருக்கு கண்ணு. சரின்னு இந்த லெட்டரை எடுத்துக்கிட்டு வந்தேன். கோர்ட்லேர்ந்து வந்து பத்து நாளாச்சு. உன் கண்ணாடிக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்.

— என்கிட்ட குடுங்கம்மா, நான் படிக்கறேன்.

— உனக்கெதுக்கு தம்பி சிரமம். உங்க அக்கா படிச்சா நிதானமாப் படிக்கும். நீ படிச்சா எழுத்து பயந்து ஓடும்.

— குடுங்க இப்படி. குடை காயின் வழக்கு சம்பந்தமானது. அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி விசாரணை. பணம் போட்டவங்க எல்லாரும் ஆதாரத்தோட வரணுமாம். இயக்குநரா கையெழுத்து போட்டவருக்கு மறுபடியும் ஜாமீன் மறுத்துட்டாங்க.

— பாவி மனுஷன். கார் இன்சூரன்ஸ் பேப்பர்னு நெனச்சுக் கையெழுத்து போட்டானாம். அவன் பொண்டாட்டி என்கிட்டதான் துணி தைக்கக் குடுப்பா. முன்னாடி புதுசு குடுப்பா. இப்பப் பழசைப் பிரிச்சுப் பிள்ளைங்களுக்குச் சின்னதாக்கித் தரச் சொல்றா. அப்புறம் என்ன எழுதியிருக்கு?

— நிறுவனத்தை நிஜமா நடத்தின ஆள் யாருன்னு இன்னும் தெரியலையாம். பேரும் இல்ல, படமும் இல்ல. அவரைப் பத்தி ஏதாவது தெரிஞ்சவங்க இருந்தா நேர்ல வந்து சொல்லணும்னு போட்டிருக்கு.

— தெரிஞ்சவங்க வாயைத் திறப்பாங்களா? கேளு கண்ணு. எனக்கு அந்த டிரைவர் மேல கோவமில்ல. முகம் தெரியாத அந்த முதலாளி மேலகூட எரிச்சல்தான், கோவமில்ல. அந்தக் குடையை வரைஞ்சாங்களே யாரோ, அவங்க மேலதான் கோவம்.

— வரைஞ்சவங்க என்ன பண்ணுவாங்கம்மா? சொன்னதை வரைஞ்சிருப்பாங்க.

— மீன் தூண்டிலைப் பாத்தா தம்பி வாயைத் திறக்குது? புழுவைப் பாத்துத்தானே. எனக்குக் காயினும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. அந்தப் படத்தைப் பாத்தேன். மழைக்கு ஒதுங்கலாம்போல இருந்துச்சு. மக காதுக்கு மிஷின் வாங்க வச்சிருந்ததை மொத்தமாப் போட்டேன். இப்பவும் பொண்ணைக் கூப்பிட்டா திரும்பாது. தோளைத் தொட்டாத்தான் திரும்பும். படம் போட்ட அந்தக் கை அழுகித்தான் போகணும். என்னம்மா, முகமெல்லாம் வேர்த்துப் போச்சு?

— ஒண்ணுமில்ல. புதுக் கண்ணாடி. தலை சுத்துது.

— இது என்ன மேஜை மேல? ஏணியா? ரெண்டே படிதான் இருக்கு!

— அது… ஒரு பெயிண்ட் கடைக்கு.

— நல்லாருக்கே. பாத்தா ஒரு எட்டு ஏறிப் பாக்கலாம்னுதான் தோணுது.

— அது பெயிண்ட் கடைக்கு இல்லம்மா. புதுசா ஒரு காயின் வருது. விட்டதைப் பிடிக்கணும்னு நெனச்சீங்கன்னா முதல் பத்து நாள்ல—

— டேய்!

— சும்மா தகவல் சொன்னேன்க்கா.

— ஏன் கண்ணு தம்பியைத் திட்டறே? விட்டதைப் பிடிக்க யாருக்குத்தான் ஆசையில்ல. என்கிட்ட கடைசியா ஒரு தோடு இருக்கு, அதான் யோசிக்கறேன். சரி, நான் வர்றேன். ஆமா, கீழ ஒரு காரு வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. உள்ள ரெண்டு பேரு. யாருக்காக நிக்கறீங்கன்னு கேட்டா, பதில் சொல்லாம கண்ணாடியை ஏத்திக்கறாங்க. பாத்தா சரியான ஆளுங்களாத் தெரியல.

— ஆபீஸ் காரும்மா. எனக்காகத்தான் நிக்குது.

— ஓ, உனக்கு ரெண்டு ஆளு காவலா? பெரிய மனுஷன் ஆயிட்டே. வர்றேம்மா.

— பாத்து இறங்குங்க.

— போயிட்டாங்க. வேலையைப் பாரு.

— அவ தோட்டைக் கழட்டப் போறாடா. நான் வரைஞ்சதைப் பாத்து ஒரு தடவை மகளோட காதைக் குடுத்தா. இப்ப தன்னோட காதுல இருக்கறதைக் கழட்டப் போறா.

— அவங்க இஷ்டம். யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல. டென்ஷன் ஆகாதே. மையைத் தொட்டு ரெண்டு படியை முடி. மணி ரெண்டாகப் போகுது.

— கார்ல எதுக்கு ரெண்டு பேரு?

— ஷீட்டைப் பத்திரமா கொண்டு போக.

— ஒரு காகிதத்துக்கா? இல்ல, நீ நாலு மணிக்குள்ள எங்கயும் ஓடிடக் கூடாதுன்னா?

— உனக்கு எதைப் பாத்தாலும் பேய். வரைக்கா.

— வரையறேன். விளக்கை இந்தப் பக்கம் சாய். இன்னும் கொஞ்சம். கோடு எங்க முடியுதுன்னு தெரியல. இரு. இது என்ன?

— எது?

— ஏழாவது கட்டத்து மூலையில. மையும் இல்ல, பென்சிலும் இல்ல. விளக்குக்குச் சாய்ச்சாத்தான் தெரியுது. நகத்தால அழுத்தின கீறல். ரெண்டு கோடு, ஒட்டி ஒட்டி.

— கவர்ல போடும்போது மடங்கியிருக்கும்.

— மடங்கல. யாரோ அழுத்தியிருக்காங்க. கீழ், வலது மூலை. டேய், கதவுக்குப் பின்னாடி தொங்குதே காலண்டர், அதை இறக்கு.

— எதுக்கு?

— இறக்குடா. பின் அட்டையில ஒரு காகிதம் சொருகியிருக்கும். எடு.

— இது… குடை ஷீட்டு. எரிச்சுட்டேன்னு சொன்னியே!

— பொய் சொன்னேன். எரிக்கக் கை வரல. அது என் நல்ல வேலைடா. பிரிச்சு வை இங்க. பன்னெண்டு குடை. அவங்களுக்குப் பிடிச்சது நாலாவது. மூலையைத் தடவிப் பாரு.

— எனக்கு ஒண்ணும் தெரியல.

— பிளாஸ்திரி போட்ட விரலால தடவினா எப்படித் தெரியும்? என் கண்ணுக்குத் தெரியுது. அதே மூலை, அதே ரெண்டு கோடு. அப்ப எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. இந்த ஆளு பேனாவே தொட மாட்டான், ஒரு வார்த்தை எழுத மாட்டான், பிடிச்ச கட்டத்துல நகத்தால ரெண்டு தடவை கீறுவான். ரெண்டு கோடு போட்டா காசுன்னு ஜாடையா சொல்றான், கெட்டிக்காரன்னு சிரிச்சேன். கையெழுத்து மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படிப் பண்ணான்னு அவன் ஓடினப்புறம்தான் உறைச்சுது.

— ரெண்டு பேருக்கு ஒரே பழக்கம் இருக்கக் கூடாதா?

— ஒரே பழக்கம் இருக்கலாம். ஒரே நகம் இருக்குமா? இங்க பாரு, இடது கோடு நீளம், வலது கோடு குட்டை. அங்கயும் இடது நீளம், வலது குட்டை. நான் நாள் பூரா கோடு பாக்கறவடா. உங்க முதலாளி அவன்தான். ஊரை நனைய விட்டவன்.

— அக்கா, மெதுவாப் பேசு.

— நீ அவனை நேர்ல பாத்திருக்கியா?

— இல்ல. போன்லதான்.

— ஷீட்டை யார் கையில குடுத்தே?

— வரவேற்பு மேஜையில. கவர்ல போட்டு.

— முகம் பாக்காதவனுக்காகக் கையெழுத்து போடப் போறியா? அந்த டிரைவர் உக்காந்திருக்கற எடத்துல உன்னைக் கொண்டு போய் உக்கார வைக்கப் போறான்டா! ஏணியில ஏத்தி விட்டு ஏணியை எடுத்துக்கிட்டுப் போயிடுவான். நீ மேல நின்னு முழிப்பே. போதாததுக்குக் கீழ ரெண்டு தடியனுங்களை வேற நிறுத்தியிருக்கான்.

— இந்தக் குடை ஷீட்டை வேற யாருக்காவது காட்டியிருக்கியா?

— யாருக்குக் காட்டுவேன்? போலீஸ் ஜீப் தெருவுல போனாலே நான் ஜன்னலைச் சாத்திடுவேன்.

— போட்டோ எடுத்து வச்சிருக்கியா? போன்ல?

— இல்ல. ஏன் இப்படிக் கேக்கறே?

— நகத்தைப் பத்தி யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா? தையல்காரம்மாகிட்ட?

— பைத்தியமாடா உனக்கு? உன்கிட்டதான் இப்ப முதல் தடவையாச் சொல்றேன். கதவை எதுக்குத் தாழ் போடறே?

— கீழ மிஷின் சத்தம் தாங்கல.

— மிஷின் ஓடலையேடா. பெல்ட்டு அறுந்து கிடக்குதுன்னு இப்பதானே சொல்லிட்டுப் போனா. கதவைத் திற. காத்து வரட்டும். அந்த ஷீட்டை எங்க எடுத்துக்கிட்டுப் போறே? டேய், டேய்! அது பிரஷ் கழுவற தண்ணி! ஏண்டா முக்கறே!

— உன் நல்லதுக்குத்தான்.

— அது ஒண்ணுதான்டா சாட்சி! அதை வச்சுத்தான் அவனைப் பிடிக்க முடியும்! கசக்காதே, கசக்காதே… கூழாக்கிட்டே.

— சாட்சி உனக்கும் எதிராத்தான் நிக்கும். குடையை வரைஞ்சது உன் கை. அதைத் தூக்கிக்கிட்டுப் போய் யார்கிட்ட காட்டுவே? தையல்காரம்மாகிட்டயா?

— சரி. போனது போகட்டும். எனக்காகத்தான் பண்ணியிருக்கே. அதுலயும் அவசரக்குடுக்கைத்தனம். கையைக் குடு இப்படி.

— எதுக்கு?

— அது மைத் தண்ணி, அழுக்கு. பிளாஸ்திரி ஊறிப் போச்சு பாரு. காயம் சீழ் பிடிக்கும். கழட்டித் துடைச்சு மருந்து போடறேன்.

— வேண்டாம்.

— சின்னப் பிள்ளை மாதிரி கையை இழுக்காதே.

— விடுன்னு சொன்னேன்ல!

— ஏன் கத்தறே? தானாவே உரிஞ்சு வந்துருச்சு. எங்க, காட்டு. காயமே இல்லையே. நசுங்கின அடையாளமே இல்ல. நகம்தான் நடுவுல… இது புதுசு இல்லையேடா.

— டிரங்குப் பெட்டி.

— அன்னிக்குப் பிளந்ததா?

— அப்புறம் ஒட்டவே இல்லக்கா. இத்தனை வருஷமா ரெண்டாத்தான் வளருது. பக்கத்துல பக்கத்துல. நீ பாத்ததில்ல. உனக்குக் கோடு மட்டும்தான் கண்ணுல படும்.

— இடது பக்கம் நீளம்.

— ஆமா. ரெண்டு தடவை கீறல. ஒரு தடவை அழுத்தினா ரெண்டு விழும்.

— நீ அப்ப வெளியூர்ல வாட்டர் பில்டர் வித்துக்கிட்டிருந்தியேடா.

— நாலு நாள் வித்தேன். நாலு நாள்ல ஒண்ணு வித்துச்சு. அதையும் திருப்பிக் குடுத்துட்டாங்க.

— அந்த டிரைவர்கிட்ட என் பேரைச் சொல்லி அனுப்பினது…

— உன்னைவிட நல்லா வரையறவங்க யாரை எனக்குத் தெரியும்? அவன் ரொம்ப நல்லவன்க்கா. உன்னைச் சொல்லவும் இல்ல, என்னைச் சொல்லவும் இல்ல. என்னை அவனுக்குத் தெரியவே தெரியாது. குரல்தான் தெரியும்.

— தையல்காரம்மா பொண்ணு படியில இறங்கும்போது நீ தோளைத் தொட்டுத்தான் வழி கேப்பே. பாத்திருக்கேன். பாத்துக்கிட்டே இதைச் செஞ்சியா?

— நான் செய்யும்போது அவங்க யாரும் எனக்குத் தெரியாது. போன்ல வெறும் எண்ணா வருவாங்க. நீ படத்தை எள்ளாச் சுருக்கறே, எனக்கு ஜனங்க எண்ணாச் சுருங்கிடுவாங்க.

— கார்ல இருக்கறவங்க யாரு? நிஜத்தைச் சொல்லு. உன்னை மிரட்டறாங்களா?

— குடையில அவங்க பணமும் போச்சு. அவங்க கோர்ட்டுக்குப் போகல. தேடி என்கிட்டயே வந்துட்டாங்க. ஏணி நின்னாத்தான் நான் நிப்பேன். எனக்கும் பயம்தான்க்கா. ராத்திரி தூங்கி ரொம்ப நாளாச்சு.

— தூங்கலையா? இதை ஏண்டா முன்னாடியே என்கிட்ட சொல்லல?

— சொன்னா என்ன பண்ணியிருப்பே?

— அடிச்சிருப்பேன். அப்புறம் கூட வந்திருப்பேன். உக்காரு இங்க. கேளு. இன்னும் கெட்டுப் போகல. மணி ரெண்டேகால். நாலு மணிக்கு நீ அங்க போகாதே. பின் பக்கப் படி இருக்கு, தையல்காரம்மா மிஷின் ரூம் வழியா அடுத்த தெருவுக்குப் போயிடலாம். வக்கீலைப் பாப்போம். குடையை நான் வரைஞ்சேன்னு நானே சொல்லிடறேன், என்ன வேணாலும் ஆகட்டும். உன்னை மட்டும் எப்படியாவது வெளிய எடுத்துடலாம்.

— எப்படி எடுப்பே?

— உன் பேரு எதுலயும் இல்லடா. குடையிலயும் இல்ல. ஏணியிலயும் இன்னும் ஏறல. இன்னிக்கு நீ கையெழுத்து போடலன்னா உன்னை எவனாலயும் தொட முடியாது. என் தலை மேல அடிச்சு சத்தியம் பண்ணு, நாலு மணிக்குக் கையெழுத்து போட மாட்டேன்னு.

— போட மாட்டேன்க்கா. சத்தியமா.

— என் கண்ணைப் பாத்துச் சொல்லு.

— நான் எதுக்குக்கா போடணும்? பதினாலு எடத்துலயும் நீதான் போன வாரமே போட்டுட்டியே.